பழைய போர் விமானங்களைப் பார்க்கப் போகிறோம்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் சனிக்கிழமை எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை, புதுப்பித்து வைத்திருக்கும் பழைய ராணுவ விமானங்களைப் பார்க்க அழைத்துப் போகிறோம். சுற்றறிக்கை வீட்டுக்கு வந்ததுமே சிலர் கேட்டுவிட்டீர்கள்: "போர்க் கருவியைக் காட்டிப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லித் தரப் போகிறீர்கள்?" நியாயமான கேள்விதான்.

விமானத்தை மட்டும் பார்ப்பதென்றால் படமே போதும். அங்கே கூடும் ஆர்வலர்களின் பேச்சைப் பிள்ளைகள் கேட்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அவர்கள் எதற்கெல்லாம் மல்லுக்கட்டுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஒரு பட்டைக்கு! இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஜூனில் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் தரையிறங்குவதற்கு முன், சொந்தப் படையே தவறுதலாகச் சுட்டுவிடக் கூடாது என்று நேச நாட்டு விமானங்களின் இறக்கையிலும் உடலிலும் கறுப்பு வெள்ளைப் பட்டைகளைப் பூசினார்கள். விஷயம் கடைசி நேரம் வரை ரகசியம். உத்தரவு வந்த பிறகு அவசர அவசரமாகத் தூரிகையால் பூசியதில், பல விமானங்களில் பட்டை கோணலும் மாணலுமாகத்தான் இருந்தது. இன்று புதுப்பிக்கப்பட்ட விமானங்களில் அதே பட்டை பிசிறில்லாமல் நேராக இருக்கிறது. "இவ்வளவு சுத்தமாக இருந்தால் அது பொய்" என்பார் ஒருவர். "வேண்டுமென்றே கோணலாகப் பூசினால் மட்டும் மெய்யாகிவிடுமா?" என்பார் இன்னொருவர். பிறகு இருவரும் பழைய புகைப்படங்களை எடுத்து நீட்டுவார்கள். ஆதாரத்தை வைத்து வாதாடுவது எப்படி என்பதை வகுப்பில் இதைவிட நன்றாக எங்களால் காட்ட முடியாது.

பிள்ளைகளுக்குக் கட்டுரைத் தலைப்பும் அங்கிருந்துதான். 1942 ஜூலையில் கிரீன்லாந்துப் பனியில் இறங்கி நின்றுபோன விமானங்களில் ஒன்று, 'கிளேசியர் கேர்ள்' என்று பின்னாளில் பெயர் பெற்ற பி-38 என்ற அமெரிக்கப் போர் விமானம். 1992இல் அதை வெளியே எடுத்தபோது அதன் மேல் 268 அடி ஆழத்துக்குப் பனி. நசுங்கிய பாகங்களைச் செப்பனிட்டும் மாற்றியும் 2002 அக்டோபரில் மறுபடி பறக்க விட்டார்கள். பாகங்களை மாற்றிய பிறகும் அது அதே விமானம்தானா? எத்தனை பாகம் மாறினால் இல்லை என்று ஆகும்? வீட்டில் நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

சரி, போர் பற்றிய கேள்விக்கு வருகிறேன். லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் 7,000க்கும் மேல் செய்யப்பட்டது. இன்று பறக்கும் நிலையில் இருப்பவை இரண்டே இரண்டு. அந்த மாதிரி விமானங்களை ஓட்டிய பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் 55,573 பேர் இறந்தார்கள். கீழே ஜெர்மன் நகரங்களான ஹாம்பர்க்கிலும் டிரெஸ்டனிலும் இறந்தவர்களில் பெரும்பாலோர் சாதாரணக் குடிமக்கள். வரலாற்று ஆசிரியை புறப்படுவதற்கு முந்தைய நாள் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லுவார். ஒன்றை விட்டு மற்றதைச் சொன்னால் நீங்கள் கோபப்படுவது சரி.

இவற்றை இன்னும் பறக்க விடலாமா என்ற வாதமும் பிள்ளைகள் காதில் விழும். 2022 நவம்பரில் டல்லாஸில் நடந்த வான் கண்காட்சியில் இரண்டு பழைய விமானங்கள் மோதி ஆறு பேர் உயிரிழந்தார்கள். அருங்காட்சியகத்தில் வைத்துவிடுங்கள் என்கிறார்கள் ஒரு சாரார். நின்றுபோன இன்ஜின் வெறும் இரும்பு என்கிறார்கள் மறு சாரார். என் மனம் முதல் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் அதைப் பிள்ளைகளிடம் சொல்லப் போவதில்லை.

ஒரு காட்சியை மட்டும் தவறவிடாமல் இருக்கச் சீக்கிரம் கிளம்புகிறோம். வட்டமாக சிலிண்டர்கள் அடுக்கிய பழைய இன்ஜினை எடுத்த எடுப்பில் இயக்க மாட்டார்கள். நின்றிருக்கும் நேரத்தில் எண்ணெய் கசிந்து அடிச் சிலிண்டர்களில் தேங்கியிருக்கும். எண்ணெயை அமுக்க முடியாது. அப்படியே இயக்கினால் பிஸ்டன் தண்டு வளைந்துவிடும். அதனால் ஆட்கள் வரிசையாக வந்து ப்ரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றுவார்கள். எங்காவது இறுகினால் உடனே கையை எடுத்துவிட்டு, எண்ணெயை வடிப்பார்கள். இயற்பியல் பாடம் கண்முன்னே நடக்கும்.

அப்புறம், பாதுகாப்பு. ப்ரொப்பெல்லர் நின்றிருந்தாலும் பிள்ளைகள் கிட்டே போகக் கூடாது. காக்பிட்டில் எதையும் தொடக் கூடாது. இருட்டில் தெரிவதற்காக அந்தக் காலத்து முள்தட்டுகளில் ரேடியம் கலந்த வண்ணம் பூசியிருப்பார்கள். ஒளி மங்கிவிட்டாலும் கதிர்வீச்சு போகாது. ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது அதன் கதிர்வீச்சு பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 1,600 ஆண்டுகள். கண்ணாடி மூடியிருக்கும்வரை தள்ளி நின்று பார்ப்பதில் பயமில்லை.

தொப்பி, துப்பட்டா போன்று காற்றில் பறப்பவை வேண்டாம். காதடைப்பான் பள்ளியே தரும். பெரிய சத்தம் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருந்தால் ஒப்புதல் சீட்டின் பின்பக்கம் ஒரு வரி எழுதுங்கள். இன்ஜின் இயக்கும் நேரத்தில் ஓர் ஆசிரியர் அவர்களைத் தூரமாக அழைத்துப் போய்விடுவார். சீட்டு புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியர் கைக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்