அம்மைக்காக உறக்கம் தொலைத்தவர்களுக்கு

எங்கள் விளையைச் சுற்றியுள்ள வீட்டுக்காரர்களுக்கும், அண்டியாபீஸ் (முந்திரி ஆலை) அக்காமார்களுக்கும், சென்னையில் முகம் தெரியாமலே எங்களுக்குக் கை கொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

எங்களைப் பெற்ற அம்மை நுரையீரல் ஆபரேஷன் முடிந்து வீடு வந்து சேர்ந்து 40 நாள் ஆகிறது. பார்க்க வருகிற எல்லாரும் "என்ன ஆச்சு மக்களே, பெரிய ஸ்கேன் எடுத்தீங்களாமே, அதுல என்ன தெரிஞ்சுது?" என்று கேட்கிறீர்கள். ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து சொல்ல அம்மைக்கு இன்னும் மூச்சு எட்டவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

ஒரு பீடிப் புகை கூட இழுக்காதவள் அம்மை. வலது நுரையீரலின் உச்சியில் 3 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே ஒரு கட்டி. ஊசி போட்டு எடுத்த சதையில் புற்றுநோய் என்று வந்தது. திருவனந்தபுரத்தில் எடுத்த சிடி ஸ்கேனில் அது விலா எலும்பை ஒட்டிக் கிடந்தது. சும்மா ஒட்டிக் கிடக்கிறதா, உள்ளே இறங்கிவிட்டதா என்று அந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. கைக்குப் போகிற நரம்புக் கற்றை அந்த இடத்தில்தான் இருக்கிறது. சதையையும் நரம்பையும் பிரித்துக் காட்ட எம்ஆர்ஐ நல்லது. மூளைக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கவும் அதுதான் வேண்டும். உடம்பில் வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று தேடுகிற பெட் ஸ்கேனையும் எம்ஆர்ஐயையும் ஒரே படுக்கையில் முடிக்கலாம் என்று சொல்லி, இரண்டும் சேர்ந்த பெட்-எம்ஆர்ஐக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

அதற்காகச் சென்னைக்குப் புறப்பட்டபோது, காலை மூன்று மணிக்கு எழுந்து சோறு கட்டித் தந்த மாமிக்கும், குழித்துறை ஸ்டேஷன் வரை கொண்டுவிட்டு ஆட்டோக் கூலி வாங்க மறுத்த அண்ணனுக்கும், குழுவில் போட்டு வைத்திருந்த பணத்தை ஒரு கையெழுத்தும் கேட்காமல் எடுத்துத் தந்த அக்காமார்களுக்கும் என்ன சொல்ல. நீங்கள் இல்லாவிட்டால் நாங்கள் ரயிலே ஏறியிருக்க மாட்டோம்.

ஸ்கேன் அறையில் ஒரு நர்ஸ் அம்மையின் விரலைப் பிடித்துச் சர்க்கரை பார்த்தாள். ஆறு மணி நேரம் பட்டினி, தண்ணீர் மட்டும். ரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்தால் போடுகிற மருந்து சரியாக ஏறாதாம், ஏனென்றால் அந்த மருந்தே சர்க்கரை மாதிரிதான்; பசி கூடிய செல் அதை அதிகமாக இழுத்துக்கொள்ளும், அந்த இடம் படத்தில் ஒளிரும். அம்மையின் விரல் நுனியில் 30 வருசத்து அண்டி எண்ணெய்க் கறை. தோல் காய்த்துப் போயிருந்ததால் ஊசி இரண்டு தடவை இறங்கவில்லை. அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. மோதிர விரலின் பக்கவாட்டைத் தேடிப் பிடித்து, "வலிச்சுதா அம்மா?" என்று கேட்டாள். பிறகு கம்மல். எம்ஆர்ஐ அறைக்குள் எந்த உலோகமும் போகக்கூடாது. என் கல்யாணத்துக்குக் கூட அம்மை கழற்றாத கம்மல். திருகு அசையவே இல்லை. எங்கள் பையிலிருந்த தேங்காய் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிடம் குனிந்து நின்று கழற்றினாள். அதற்குள் அவளுக்கு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மருந்தின் கதிர் வீரியம் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. தங்கச்சி, உன் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லையே என்று இன்றும் வருத்தம்.

ஊசி போட்டு ஒரு மணி நேரம் பேசாமல், அசையாமல் படுக்க வேண்டும். பிறகு அந்தக் குகைக்குள். உள்ளே போகும் முன்பே டெக்னீஷியன் தம்பி அம்மையை உட்கார வைத்து "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று நாலைந்து தடவை பழக்கினான். நுரையீரல் அசைந்தால் படம் கலங்கும்.

ரிப்போர்ட் வந்தது. விலா எலும்பு தப்பியிருந்தது, நரம்பும் தப்பியிருந்தது, மூளையில் ஒன்றும் இல்லை. ஆனால் நெஞ்சுக்கு நடுவே இரண்டு பக்கமும் நெறிக்கட்டிகள் ஒளிர்ந்தன. அதை வாங்கிப் பார்த்த ஒருவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எதிர்ப்பக்கமும் போயிருக்கு, இனி ஆபரேஷன் இல்லை" என்றார். அம்மை ஒன்றும் பேசவில்லை. நான் வராந்தாவில் நின்று அழுதேன்.

எங்களைக் காப்பாற்றியது, இப்படி ஒளிருகிற ஸ்கேனைப் படித்துச் சொல்கிற அணு மருத்துவ டாக்டர். அவர் சொன்ன வார்த்தை அப்படியே நினைவிருக்கிறது: "ஒளிருதுன்னா அங்க ஏதோ நடக்குதுன்னு அர்த்தம். புற்றுநோய்னு அர்த்தம் இல்லை. நம்ம ஊர்ல காசநோயும் இப்படித்தான் ஒளிரும்." முன்பு காசநோய் வந்ததா என்று கேட்டார். அம்மை இல்லை என்று தலையாட்டினாள். எனக்கும் தெரியாது. மாமிக்குப் போன் போட்டேன். மாமி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "நீ கைக்குழந்தையா இருக்கும்போ ஆறு மாசம் மாத்திரை தின்னா. நான்தான் கூட்டிட்டுப் போவேன். பெண்பிள்ளைகள் இருக்கிற வீடு, வெளியே சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினா" என்றாள்.

மாமி, அந்தச் சத்தியத்தை நீங்கள் உடைத்ததால்தான் அம்மை இன்று இருக்கிறாள்.

மூச்சுக் குழாய் வழியே நுனியில் அல்ட்ராசவுண்ட் உள்ள குழாயை விட்டு நெறிக்கட்டிகளிலிருந்து சதை எடுத்தார்கள். ஐந்து நாள் காத்திருந்தோம். கிரானுலோமா. பழைய காசநோய் விட்டுப்போன அடையாளம். கிருமி இப்போது இல்லை, புற்றுநோய்ச் செல்லும் இல்லை. அவ்வளவு பெரிய மெஷின் பொய் சொல்லவில்லை, ஆனால் அது சொன்னதை மட்டும் நம்பி வீட்டுக்கு வந்திருந்தால் முதல் நிலையில் இருந்த நோயை மூன்றாம் நிலை என்று விட்டிருப்போம்.

அதே டாக்டர் இன்னொன்றும் செய்தார். காற்று நிறைந்த நுரையீரலுக்குள் மிகச் சின்னப் புள்ளிகளை எம்ஆர்ஐ தவறவிடக்கூடும் என்று சொல்லி, மூச்சைப் பிடிக்கச் செய்து நெஞ்சுக்கு மட்டும் தனியாக ஒரு சிடி எடுக்கச் சொன்னார். 4 மில்லிமீட்டரில் ஒரு புள்ளி தெரிந்தது. அவர் அதைக் கண்டு பயமுறுத்தவில்லை, கவனித்துக்கொள்வோம் என்றார். போன வாரம் எடுத்த சிடியிலும் அது வளராமல் அப்படியே இருக்கிறது.

வலது நுரையீரலின் மேல் மடலை எடுத்துவிட்டார்கள். ஆபரேஷனில் எடுத்த நெறிக்கட்டிகளிலும் புற்றுநோய் இல்லை. ரத்தம் கொடுத்த சென்னைப் பிள்ளைகளே, கல்லூரிக்குப் போகிற வழியில் வந்துவிட்டு, ஒரு சாயா கூடக் குடிக்காமல் போய்விட்டீர்கள்.

காசநோய் விஷயத்தை எழுதலாமா என்று அம்மையிடம் கேட்டேன். ரொம்ப நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுது மக்களே. ஆபீஸ்ல இன்னும் ரெண்டு பேர் எங்கூட மாத்திரை தின்னவங்க உண்டு. நாளைக்கு அவங்களுக்கு ஸ்கேன் எடுத்தா டாக்டர்கிட்ட சொல்லட்டும்" என்றாள்.

ரிப்போர்ட், படங்கள் எல்லாம் எங்கள் வீட்டில் இருக்கின்றன. இதே வழியில் நிற்கிற யார் வீட்டிலாவது தேவைப்பட்டால் எந்த நேரமும் வந்து பாருங்கள், கூட வரவும் நான் தயார்.

மாமி, ரயிலில் குளிரும் என்று தந்த உங்கள் ஸ்வெட்டரைத் துவைத்து வைத்திருக்கிறேன். சாயங்காலம் கொண்டு வருகிறேன்.

என்றும் நன்றியுடன்,
இளைய மகள்