வெட்டிவிட்ட கைகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வின்சென்ட் வான்கோ 1885இல் வரைந்த ‘உருளைக்கிழங்கு சாப்பிடுபவர்கள்’ படம் போட்டிருந்தீர்கள். மறுநாள் மேட்டுப்பாளையம் மண்டியில் என் 22 மூட்டைக்கு ஏலம் எப்போது வரும் என்று காத்திருந்தபோதுதான் பார்த்தேன். நாற்பது வருஷமாகக் கிழங்கு போடுகிறவன், கண்ணில் படாமல் போகுமா?

‘வறுமையின் கண்ணீர்’ என்று தலைப்பு. நான்கு முகங்களும் மேலே தொங்கும் விளக்கும் மட்டும் தெரிகிற மாதிரி படத்தை வெட்டியிருந்தீர்கள். கோயம்புத்தூரில் படிக்கும் பேத்தியிடம் கேட்டேன். முழுப் படத்தையும் போனில் அனுப்பினாள். அதில் யாரும் அழவில்லை ஐயா. காட்டு வேலை முடிந்து வந்து சாப்பிடுகிறார்கள். நடுவில் ஆவி பறக்க ஒரே தட்டில் கிழங்கு. வலது ஓரத்து அம்மா கடுங்காப்பி ஊற்றுகிறார். முதுகு காட்டி ஒரு சிறுமி. எங்கள் ஹட்டியில், அதாவது மலைக் கிராமத்தில், கரண்டு வருவதற்கு முன் ராத்திரிச் சாப்பாடு இப்படித்தான் இருக்கும். கிழங்கைத் தோலோடு அவித்து, உப்பு தொட்டுச் சாப்பிடுவோம்.

நீங்கள் வெட்டிப்போட்ட பாதியில்தான் கைகள் இருக்கின்றன. எந்தக் கையால் மண்ணைக் கிளறினார்களோ அதே கையைத்தான் தட்டில் நீட்டுகிறார்கள், அது உழைத்துச் சம்பாதித்த சாப்பாடு என்று வான்கோ தம்பி தியோவுக்குக் கடிதத்தில் சொல்லியிருக்கிறாராம். நெதர்லாந்தில் நூனன் என்ற ஊரில் அந்தப் பனிக்காலம் முழுக்க விவசாயிகளின் முகங்களை டஜன் கணக்கில் வரைந்து பழகிய பிறகே இந்தப் படத்தில் இறங்கினார். அப்படியும் அவருடைய ஓவிய நண்பர் ஒருவர், கை சரியில்லை என்று திட்டி எழுதினார். படம் வரையத் தெரிந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் என் அம்மாவின் விரல்கள் கடைசிக் காலத்தில் அந்தப் படத்தில் உள்ளது போலத்தான் முட்டி புடைத்து, முழுசாக மடங்காமல் இருந்தன. உறைபனி விழுந்த காலையில் வெறும் கையால் கிழங்கு பொறுக்கினால் வேறு எப்படி இருக்கும்?

அப்புறம் நிறம். ‘இருண்ட, மங்கலான வண்ணங்கள்’ என்று உங்கள் கட்டுரையாளர் குறைபட்டிருந்தார். தோல் சீவாத, மண் ஒட்டிய நல்ல கிழங்கின் நிறம்தான் தனக்கு வேண்டும் என்று வரைந்தவரே எழுதியிருக்கிறார். அந்த நிறத்தின் மதிப்பு மண்டிக்காரர்களுக்குத் தெரியும். வெளிமாநிலக் கிழங்கில் செம்மண்ணைப் பூசி ஊட்டிக் கிழங்கு என்று விற்கிற கூத்தும் நடக்கிறதே!

வெள்ளைக்காரர் ஆட்சியில் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த சல்லிவன் துரை காலத்திலேயே இந்த மலைக்குக் கிழங்கு வந்துவிட்டது. வான்கோ அங்கே படம் வரைந்துகொண்டிருந்தபோது எங்கள் பாட்டன்மாரும் இங்கே கிழங்கு தோண்டிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். அவர்களை யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் இந்த ஒரு படத்துக்காக இவ்வளவு எழுதுகிறேன்.

ஒரு வேண்டுகோள். அடுத்த இணைப்பில் அந்தப் படத்தை வெட்டாமல் முழுசாகப் போடுங்கள். கறுப்பு அதிகம் என்று அச்சில் வெளுத்துவிட வேண்டாம். எங்கள் வீட்டுச் சுவரில் ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கிழங்கு விவசாயி,
கேத்தி பாலாடா, நீலகிரி.