எடை பார்க்கும்போது தோலையும் பார்க்கலாமே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கோயில் திருவிழாக்களை ஒட்டி நடக்கும் மின்னொளி கபடிப் போட்டிகளின் முடிவுகள் தங்கள் நாளிதழில் தவறாமல் வெளிவருகின்றன. அந்த வீரர்களிடையே பரவிவரும் படர்தாமரை குறித்தும் நாம் பேசியாக வேண்டும்.

பிடித்து மடக்கும் ஆட்டத்தில் வியர்வையும் சிராய்ப்புமாக உடலோடு உடல் உரசுகிறது. பூஞ்சை தொற்றுவதற்கு அதுவே போதும். ஆனால், தொற்று மாதக்கணக்கில் நீடிப்பதற்கு ஆடுகளத்தைவிட மருந்துக்கடையையே நான் குறை சொல்வேன். அரிப்புக்கென்று கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் பூஞ்சை மருந்தோடு குளோபிடசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. அதைத் தடவினால் சில நாட்களில் அரிப்பும் சிவப்பும் அடங்கிவிடுவதால் குணமாகிவிட்டதென்று நம்பிப் பையன் ஆடப் போகிறான்; தோலின் எதிர்ப்பாற்றல் ஒடுங்கியதால் பூஞ்சையோ தடையின்றிப் படர்கிறது, வழக்கமான வட்ட வடிவமும் கலைந்து மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போகிறது. ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்பதற்கு எதிராக மத்திய அரசு 2018-இல் விதியை இறுக்கியும் கடைகளில் பழைய வழக்கமே தொடர்கிறது. டெர்பினாஃபைன் என்னும் பூஞ்சை மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத பூஞ்சை நம் நாட்டில் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் கருதுகின்றனர்.

அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் போட்டிக்கு முன் தோலைச் சோதிக்கிறார்கள். உடலில் படர்தாமரை உள்ளவர் குறைந்தது 72 மணி நேரமாவது மருந்திட்டிருக்க வேண்டும். மினசோட்டாவில் 1989-இல் நடந்த மல்யுத்தப் பயிற்சி முகாம் ஒன்றில் 175 பேரில் 60 பேருக்கு ஹெர்பீஸ் என்னும் வைரஸ் கொப்புளங்கள் தொற்றிய அனுபவம் அவர்களுக்கு உண்டு. இங்கும் எடை பார்க்க வீரர்கள் வரிசையில் நிற்கத்தான் செய்கிறார்கள். அப்போதே கழுத்து, அக்குள், இடுப்பு, முட்டி ஆகியவற்றைப் பார்த்துவிட ஆளுக்கு ஒரு நிமிடம் போதும். நிறுத்திவிடுவார்கள் என்று தெரிந்தால் பையன்கள் மறைப்பார்கள் என்பதும் உண்மையே. ஆகவே, நிறுத்தப்படுபவருக்குப் பதிலாக மாற்று வீரரைக் கடைசி நேரத்திலும் சேர்த்துக்கொள்ள அணிக்கு அனுமதி வேண்டும்.

ஆடுகள விரிப்பை (மேட்) வெறுமனே கூட்டுவதில் பயனில்லை. சோப்பு நீரால் அழுக்கை அகற்றிய பிறகு கிருமிநாசினியால் துடைத்து, அது காயும்வரை யாரையும் ஏறவிடக் கூடாது. ஈர ஜெர்சியையும் முட்டிக்காப்பையும் பையில் அடைத்துவைப்பது, ஒரே துண்டால் அணியே துடைத்துக்கொள்வது ஆகிய பழக்கங்களைப் பயிற்றுநர்கள்தான் கண்டிக்க வேண்டும். தடிப்பு மறைந்த பிறகும் மருத்துவர் சொன்ன நாள்வரை மருந்தைத் தொடர வேண்டும். வீட்டில் வேறு யாருக்கேனும் அரிப்பு இருந்தால் அவர்களுக்கும் சேர்த்தே சிகிச்சை பெறுவது அவசியம்.

மாவட்டக் கபடிக் கழகங்கள் தோல் சோதனையைப் போட்டி விதிகளில் சேர்க்கவும், மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சீட்டில்லா விற்பனையைத் தடுக்கவும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.