மானுக்கு முன்னால் அந்த வாசலைக் காட்டுங்கள்: திருகோணமலைக் கோட்டை வழிகாட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

பிரெட்ரிக் கோட்டைக்குள் வெளியூர்ச் சனங்களைக் கூட்டிவந்து காட்டுகிற உங்களுக்குத்தான் இந்த மடல். போன கிழமை கோணேசர் கோயிலுக்குப் போகும்போது உங்களில் ஒருவருக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நடந்தேன். ஒட்டுக்கேட்டது பிழைதான். ஆனால் நல்ல குரல், காது தானாகவே அந்தப் பக்கம் போய்விட்டது.

கோட்டை வாசலில் அவர் நிற்கவே இல்லை. "அங்க பாருங்கோ, மான்!" என்றார். எல்லாரும் கைபேசியைத் தூக்கிக்கொண்டு மான் பக்கம் திரும்பினார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால், வாசல் கல்லில், செதுக்கிய மீன் இருந்தது. பக்கத்திலேயே பாதி தேய்ந்த தமிழ் எழுத்து. ஒருவரும் பார்க்கவில்லை.

அது எந்தக் கல் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. கோட்டை நிற்கிற இந்தச் சுவாமி மலையில் இருந்த பழைய கோணேசர் கோயிலை 1620களில் கொன்ஸ்தந்தீனு த சா என்ற போர்த்துக்கேயத் தளபதியின் ஆட்கள் இடித்தார்கள். இடித்த கல்லைக் கொண்டு அதே மலையில் கோட்டையை அடுக்கினார்கள். "முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" என்று, கோயிலைக் கட்டியதாகச் சொல்லும் குளக்கோட்டன் அரசனைப் பற்றி ஊரில் சொல்கிற பாட்டின் துண்டுதான் அந்த வாசல் கல்லில் இருக்கிறது. பறங்கி வருவான் என்று முன்கூட்டியே வெட்டிவைத்த தீர்க்கதரிசனம் என்பார்கள். அதை நம்புவதும் நம்பாததும் கேட்கிறவர் பாடு. எழுத்து அங்கே இருக்கிறது, அதை விரலால் காட்டலாம் அல்லவா?

வாசலைத் தாண்டியதும் வெலிங்டன் கதை வந்தது. பின்னாளில் வெலிங்டன் கோமகனான ஆங்கிலேயப் படைத்தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி இங்கே சுகமில்லாமல் படுத்திருந்தாராம், அதனால் கப்பலைத் தவறவிட்டாராம், கப்பல் மூழ்கியதாம், திருகோணமலைதான் அவர் உயிரைக் காப்பாற்றியதாம். கேட்க எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் நடந்தது வேறு. 1800 கடைசியில் அவர் இங்கே வந்து படை திரட்டியது உண்மை. 1801 பெப்ரவரியில் படையோடு பம்பாய்க்குப் புறப்பட்டுவிட்டார். காய்ச்சலும் சொறியும் பிடித்துப் படுத்தது பம்பாயில். அவர் ஏறவேண்டிய கப்பல் செங்கடலில் மூழ்கியதும் சரிதான். உயிர் தப்பிய பெருமையை மட்டும் பம்பாய்க்காரருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

அப்புறம் மேலே போனால் பிரான்சினா. காதலன் கப்பலேறிப் போகிறான் என்று மலையிலிருந்து குதித்த டச்சுப் பெண். குதித்ததாகச் சொல்லும் காலத்துக்கு எட்டு வருடங்களுக்குப் பிறகு அவர் உயிரோடு இருந்து மறுமணமும் செய்திருக்கிறார் என்று டச்சு ஆவணங்கள் காட்டுகின்றன. மலையில் நிற்கும் நினைவுத் தூணில் அவர் பெயரும் 1687 ஏப்ரல் 24 என்ற தேதியும் உண்டு, குதித்த கதை இல்லை. மலையில் இராவணன் வெட்டியதாகச் சொல்லும் பிளவை, இராவணன் வெட்டைச் சொல்லும்போது "ஐதீகம்" என்று ஒரு சொல் சேர்க்கிறீர்கள். அதையே பிரான்சினாவுக்கும் சேர்த்தால் போதும், கதையை விடச் சொல்லவில்லை.

விறுவிறுப்பு வேண்டுமென்றால் 1782 இருக்கிறதே! அந்த ஜனவரியில் ஆங்கிலேயர் இந்தக் கோட்டையை டச்சுக்காரரிடமிருந்து பிடித்தார்கள். சில நாட்களில், உள்துறைமுகத்தின் வாயைக் காத்த ஒஸ்தன்பேர்க் கோட்டையும் விழுந்தது. இரண்டு கோட்டையும் சேர்ந்தால்தான் துறைமுகம் கைக்கு வரும் என்பதையும் இங்கே சொல்லிவிடலாம், பலரும் ஒரே கோட்டை என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். ஓகஸ்ட் கடைசியில் சுஃப்ரேன் என்ற பிரெஞ்சுத் தளபதி வந்து ஒரு கிழமைக்குள் இரண்டையும் பறித்துவிட்டார். காப்பாற்ற மதராசிலிருந்து ஓடிவந்த ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஹியூஸ் செப்டெம்பர் 3 காலையில் கரையைப் பார்க்கிறார், கோட்டையில் பிரெஞ்சுக் கொடி. பிந்தியது மூன்று நான்கு நாள்தான். அன்றைக்கே கடலில் பெரிய சண்டை. ஒரே வருடத்தில் மூன்று கொடி! பிறகு சமாதானம் பேசித் திரும்ப டச்சுக்காரரிடம் கொடுத்து, 1795இல் ஆங்கிலேயர் மறுபடி எடுத்து, 1803இல் யோர்க் கோமகன் பிரெட்ரிக்கின் பெயரை வைத்தார்கள். இந்த ஊருக்கு ஒருநாளும் வராத மனிதரின் பெயரைத்தான் நாம் ஓட்டோக்காரரிடம் தினமும் சொல்கிறோம்.

கோயிலடியில் நின்று கீழே கடலைக் காட்டும்போது இன்னும் இரண்டு செய்தி சொல்லுங்கள். 1950இல் ஊருக்குள் கிணறு வெட்டியபோது பழைய கோயிலின் விக்கிரகங்கள் மண்ணிலிருந்து வந்தன. 1956இல் சுழியோடி மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் இந்த மலையடியில் மூழ்கித் தேடியபோது கோயிலின் தூண்களைக் கடலுக்கடியில் கண்டார்கள். அந்தப் பிரான்சினா தூணும் கோயில் தூண்தான் என்று ஊரில் சொல்வார்கள். டச்சு எழுத்தைக் காட்டுவதற்கு முன் தூணின் வேலைப்பாட்டைக் காட்டிப் பாருங்கள், அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று அவர்களே கண்டுகொள்வார்கள்.

நேரம் போதாது, வெயில், பிள்ளைகள் அழும், எல்லாம் தெரியும். வாசலில் இரண்டே நிமிடம் நில்லுங்கள். மான் எங்கேயும் ஓடிவிடாது.

இப்படிக்கு,
தினமும் கோட்டைக்குள் நடக்கப் போகிற ஊர்க்காரன்