தேசிக்காய்க் குறிப்புக்குக் கீழே இரண்டு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

களுவாஞ்சிகுடியில் வீட்டோடு தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 36. பிளவுஸுக்கு மாதிரி வெட்ட உங்கள் பத்திரிகையைத்தான் எடுப்பேன். ஞாயிறு இணைப்பின் தாள் அதற்குத் தோதான அகலம். போன கிழமை ஒரு கைத்துண்டுக்குக் கோடு போடும்போது கண்ணில் பட்டது: முகப்பரு போக, தேசிப்புளியைத் தேனில் குழைத்துப் பூசுங்கள் என்று. அடுத்த வரியில் அப்பச்சோடா. இதே குறிப்பை முன்னரும் போட்டிருக்கிறீர்கள். அதை நம்பிச் செய்து பார்த்தவள் நான்.

பள்ளிக்கூட வயதில் எனக்குப் பரு வந்ததே இல்லை. 33 வயதில்தான் தொடங்கியது. நெற்றியோரம் சின்னக் குருக்கள், தாடையிலும் நாடியிலும் தொட்டால் நோகிற கட்டிகள். தையல்காரிக்கு இதில் தனிக் கஷ்டம் ஒன்று உண்டு. அளவு கொடுக்க வருகிறவர் என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் நிற்பார். கழுத்துக்கு நாடாவைச் சுற்றும்போதே மருந்து சொல்லிவிடுவார்கள். “என்ன மகள், முகமெல்லாம் இப்படிக் கிடக்கு, வேப்பிலை அரைச்சுப் போடு” என்பார் ஒரு அம்மா. காத்தான்குடி ராத்தா ஒருவர் கஸ்தூரி மஞ்சளைச் சுற்றிக் கையிலேயே தந்துவிட்டுப் போனார். சந்தனம், பயற்றம்மா, பற்பசை என்று எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தாயிற்று. அன்பாகச் சொல்கிறவர்களிடம் எப்படி மாட்டேன் என்பது?

தேசிக்காய் வைத்தியம் நடந்தது ஓர் ஆடி மாதம். காலையில் பூசி, அவசரத்தில் ஒப்புக்குக் கழுவிவிட்டு, துணி எடுக்கக் காத்தான்குடிக்குப் போனேன். கச்சான் காற்று அனலாக அடித்த நாள். திரும்பிவர நடுப்பகலில் பஸ்ஸுக்கு அரை மணித்தியாலம் நின்றேன். அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் எரிந்தது. மூன்றாம் நாள் கன்னத்திலிருந்து கழுத்து வரை, புளி வழிந்த அதே தடத்தில், சோக்கட்டியால் கீறியது போல ஒரு கபில நிறக் கோடு. ஐப்பசி மழை தொடங்கும் வரை அது மாறவில்லை. பரு மட்டும் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது.

தேசிக்காயில், முக்கியமாக அதன் தோலில், வெயில் பட்டதும் சருமத்தைச் சுடுகிற பொருள் இருக்கிறதாம். ஒவ்வாமை இல்லை, யாருக்கும் வரலாம் என்றார் தோல் வைத்தியர். அதோடு புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு நமது தோலுக்குக் கிட்டத்தட்ட 5, தேசிப்புளிக்கு 2. அந்த அளவையில் ஒரு படி இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு. மூன்று படிக்கு ஆயிரம் மடங்கு. அப்பச்சோடாவோ மறுபக்கம், 8க்கு மேலே நிற்கிறது. இரண்டையும் மாறி மாறிப் பூசினால் தோல் என்னதான் செய்யும்?

அந்த டொக்டர் முதலில் கேட்டது முகத்தைப் பற்றியே அல்ல. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, நாடியில் முடி வளர்கிறதா, வேறு மருந்து ஏதும் பாவிக்கிறீர்களா என்றுதான் கேட்டார். எனக்கு மாதவிடாய்க்கு ஒரு கிழமை முன்னர் பரு கூடும், அவ்வளவுதான். என்னிடம் தைக்கக் கொடுக்கும் தங்கச்சி ஒருத்திக்கு இதே கேள்விகளால்தான் சூலகத்தில் நீர்க்கட்டிப் பிரச்சினை இருப்பது தெரியவந்தது. பாவம், அவள் இரண்டு வருடம் வேப்பிலை அரைத்துக்கொண்டிருந்தவள்.

எனக்குத் தந்தது பென்சாயில் பெரொக்சைட் என்கிற சாதாரண கிறீம். கட்டிகள் அடங்க இரண்டு மாதத்துக்கு மேல் சென்றது. ஒரு வில்லங்கம், அது துணிச் சாயத்தை வெளிற வைக்கும். என் மெரூன் தலையணை உறையில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தது. இப்போது கை கழுவாமல் மற்றவர்களின் சேலையைத் தொடுவதில்லை. பருவுக்குத் தரும் மருந்துகளில் கர்ப்பிணிகளுக்கு ஆகாதவையும் உண்டு என்பதால், பாமசியில் சும்மா கேட்டு வாங்குகிற வேலையும் வேண்டாம். சிவப்பாக்கும் கிறீம்களைப் பற்றி எழுதினால் தனிக் கடிதமாகிவிடும்.

வீட்டு வைத்தியம் எல்லாம் பொய் என்று சொல்ல வரவில்லை. கற்றாழை மடலை வெட்டி, மஞ்சள் பால் வடிய நிறுத்தி வைத்து, கழுவி உள்ளிருக்கும் சோற்றைத் தடவினால் எரிச்சலுக்கு நல்ல குளிர்ச்சி. இரவில் தலைக்கு அள்ளி வைக்கிற தேங்காய் எண்ணெயைக் குறைத்ததும் நெற்றிக் குருக்கள் மருந்தில்லாமலே போயின. வழிந்த எண்ணெய்தான் துவாரங்களை அடைத்திருக்கிறது. புதிதாக எதைப் பூசுவதென்றாலும், புதுத்துணியின் ஓரத்தை நனைத்துச் சாயம் போகிறதா என்று பார்ப்போமே, அப்படி முதலில் முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் பார்க்கிறேன்.

அழகுக் குறிப்புகளை அச்சுக்கு விடுமுன் தோல் வைத்தியர் ஒருவரிடம் காட்டி வாங்குங்கள். அது முடியாவிட்டால் தேசிக்காய்க் குறிப்புக்குக் கீழே இரண்டு வரியாவது போடுங்கள்: பூசிவிட்டு வெயிலில் போகாதீர்கள், முப்பது தாண்டிப் பரு தொடங்கினால் அரச ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குப் போங்கள். காசு இல்லை, ஒரு நாள் வேலை மினக்கெடும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
களுவாஞ்சிகுடி.