இடாப்பில் இரண்டு பெயர்கள்

மஸ்கெலியா, இலங்கை
ஞாயிறு மாலை

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது. கோத்தகிரியில் குளிர் தாங்கவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே மழையைக் கண்டு நாளாகிறது. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கி, முழுகிப்போன பழைய டவுன் கோயில் மறுபடி வெளியே தெரிகிறது. சனம் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்க்கிறது. எனக்கு முழங்கால் வலி, போகவில்லை.

உன் பேத்தி கல்லூரிக்கு எழுதுகிற கட்டுரையைப் பற்றிச் சொல்லியிருந்தாய். ஏழை நாடுகளில் ஆரம்பப் பள்ளியில் ஆணும் பெண்ணும் சமமாகச் சேர்கிறார்களா என்பதுதானே தலைப்பு? அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். பெண் பிள்ளைகளின் சேர்க்கை வீதத்தை ஆண் பிள்ளைகளின் வீதத்தால் வகுத்துப் பார்ப்பார்கள். 1 வந்தால் சமம். 0.97 முதல் 1.03 வரை இருந்தாலும் சமம் என்றே எடுத்துக்கொள்வார்கள். 2005க்குள் எல்லா நாட்டிலும் இது வந்துவிட வேண்டும் என்று 2000இல் இலக்கு வைத்தார்கள். 2005 வந்தபோது பல ஏழை நாடுகள் எட்டவில்லை. பங்களாதேஷ் எட்டியது. பாகிஸ்தானிலும் சாட் நாட்டிலும் இன்னும் பெண் பிள்ளைகள்தான் பின்னால் நிற்கிறார்கள்.

"உங்கள் தேயிலைத் தோட்டங்களில் இப்போது 1 வந்துவிட்டதா?" என்று அவள் கேட்கச் சொன்னாளாம். அதற்கு முன்னால் என் அக்காவைப் பற்றி அவளுக்குச் சொல்.

அக்காவை உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது உன் குடத்தை முதலில் வைக்க விடுவாளே, அவள்தான். எங்கள் இரண்டு பேரையும் ஒரே நாளில்தான் அப்பா பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். எனக்கு ஐந்து வயது, அவளுக்கு எட்டு. ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் அந்தப் பழைய சேர்வு இடாப்பு, அதாவது சேர்ந்த பிள்ளைகளின் பதிவேடு, என் கைக்கு வந்தது. தாள் பழுத்துப்போய் இருந்தது. அக்கா பெயர், அதற்குக் கீழே என் பெயர். சேர்க்கையை மட்டும் எண்ணுகிறவனுக்கு நாங்கள் இரண்டு மாணவிகள். வரவு இடாப்பைத் தேடினேன், அது மிஞ்சவில்லை. மிஞ்சியிருந்தால் அவள் பெயருக்கு நேரே எத்தனை வெற்றுக் கட்டம் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கைக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்ட தம்பிக்கு வயிற்றுப்போக்கு வந்தது. அதற்குப் பிறகு அம்மா அவனை அங்கே விட மறுத்துவிட்டார். அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகாவிட்டால் பேர் விழாது, சம்பளம் குறையும். அப்போது பெண்ணுக்குச் சம்பளமே ஆணைவிடக் குறைவு, அது சமமானது 1984இல்தான். ஆகவே அக்கா வீட்டில் நின்றாள். தம்பி வளர்ந்ததும் அடுத்தவன் பிறந்தான். மூன்றாம் வகுப்போடு அவள் படிப்பு முடிந்தது, கூடை ஏறியது. அவள் நின்றதால்தான் நான் போனேன். நான் ஆசிரியை ஆன கதையை யார் புகழ்ந்தாலும் எனக்கு அவள் முகம்தான் முன்னால் வரும்.

1945இல் இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தது. அதைக் கொண்டுவந்த கல்வி அமைச்சர் கன்னங்கராவை நாம் மதிக்கத்தான் வேண்டும். ஆனால் தோட்டப் பள்ளிக்கூடம் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தது. ஒரு அறை, ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு சரி. 1948இல் நம் சனத்தின் பிரஜாவுரிமை போனது, 1949இல் ஓட்டும் போனது. ஓட்டு இல்லாத சனத்துக்கு இரண்டாவது அறை யார் கட்டித் தருவார்கள்? எழுபதுகளில் அரசாங்கம் பள்ளிகளைப் பொறுப்பேற்றபோது நீங்கள் ராமேஸ்வரத்துக் கப்பல் ஏறிவிட்டீர்கள்.

மலாவியில் 1994இல் ஆரம்பப் பள்ளிக் கட்டணத்தை எடுத்ததும் 19 இலட்சமாக இருந்த பிள்ளைகள் ஏறக்குறைய 30 இலட்சமானார்கள். பல இடங்களில் அப்படித்தான், காசு கட்ட வேண்டுமென்றால் வீட்டில் முதலில் பையனைத்தான் அனுப்புவார்கள். பேத்தி இதைக் கட்டாயம் எழுதட்டும். ஆனால் கட்டணம் போனாலும் கைக்குழந்தையை யார் பார்ப்பது, தண்ணீர் யார் கொண்டுவருவது என்ற கேள்வி வீட்டிலேயே இருக்கும். சாட்டில் கிணறு தூரத்தில் இருக்கிறதென்றால், அங்கேயும் என் அக்கா மாதிரி ஒருத்தி குடத்தோடு போய்க்கொண்டிருப்பாள்.

இன்னொன்றையும் அவள் யோசிக்க வேண்டும். நூறு பையனில் ஐம்பது பேர், நூறு பெண்ணில் ஐம்பது பேர் சேர்ந்தாலும் கணக்கு 1தான் வரும். இரண்டு பக்கமும் பாதிப் பிள்ளைகள் வெளியே நிற்பதை அது காட்டாது. ஆப்கானிஸ்தானில் 2021இலிருந்து ஆறாம் வகுப்போடு பெண் பிள்ளைக்குக் கதவை மூடிவிட்டார்கள். ஆரம்பப் பள்ளியை மட்டும் எண்ணினால் அந்தக் கதவு கண்ணிலேயே படாது.

சரி, அவள் கேள்விக்கு வருகிறேன். ஆமாம், இங்கே சேர்க்கையில் இப்போது வித்தியாசம் இல்லை. தரம் ஐந்து புலமைப்பரிசில் வகுப்புக்கு வருகிறவர்களில் பெண் பிள்ளைகள்தான் முன் வரிசையில் உட்காருகிறார்கள். அப்புறம் பத்தாம் தரத்தில் பையன்கள் காணாமல் போகிறார்கள். கொழும்பில் கடை வேலை. கணக்கு 1ஐத் தாண்டுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றால் எனக்கு அதில் சந்தோஷம் இல்லை, அவர்களும் நம் பிள்ளைகள்தானே.

மேட்டு லயத்து வரிசை வீட்டில் நாலாம் தரம் படிக்கிற ஒரு பிள்ளை மூன்று வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. அம்மா குவைத்துக்குப் போய்விட்டார், ஒன்றரை வயதுத் தம்பி வீட்டில். பெயர் இன்னமும் இடாப்பில்தான் இருக்கிறது. பிள்ளைக் காம்பராவில் பேசிவிட்டேன், தம்பியைச் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். தகப்பன்தான் சம்மதிக்க வேண்டும். நாளைக்கு வெள்ளெனப் போனால் அவர் வேலை பிரிக்கும் பெரட்டுக்குக் கிளம்புமுன் பிடித்துவிடலாம். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டுப் படுக்கப் போகிறேன். அவர் என்ன சொன்னார் என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய லயத்துச் சிநேகிதி