படை வரலாறு எழுதும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே, வணக்கம்.

முப்பது வருடமாக உங்களோடு சேர்ந்து போர்களைப் பற்றி எழுதியவன் நான். சரித்திர நாவல் எழுதத் தொடங்கிவிட்டேன் என்று தெரிந்ததும் சிலர் வாழ்த்தினீர்கள், பலர் வருத்தப்பட்டீர்கள். ஒரு கருத்தரங்கில் மூத்த ஆய்வாளர் ஒருவர், "இனி உங்கள் பழைய நூல்களையும் யோசித்துத்தான் மேற்கோள் காட்ட வேண்டும்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அது எனக்கு மிகவும் வலித்தது. அன்றைக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் எழுதிக்கொண்டிருப்பது 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் நடந்த போரைப் பற்றி. ஆங்கில நூல்களில் பொள்ளிலூர் என்று உருமாறிக் கிடக்கும் ஊர். ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே மகேந்திரவர்மப் பல்லவன் தன் எதிரிகளை வென்ற இடம் என்று காசக்குடிச் செப்பேடு சொல்வதும் இதே ஊரைத்தான். அங்கே ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படையை மைசூரின் ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும் சுற்றி வளைத்தார்கள். கம்பெனிப் படையின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. பெய்லி சிறைப்பட்டு, 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார். காஞ்சிபுரத்தில் பெரிய படையோடு இருந்த கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோ, கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார். இதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம்.

முந்தின இரவு பெய்லி ஏன் வழியில் நின்றார் என்பது பழைய கேள்வி. நடந்துகொண்டே இருந்திருந்தால் மன்றோவிடம் போய்ச் சேர்ந்திருக்கலாம். நானும் இதைப் பற்றி எழுதியிருக்கிறேன். பெய்லிக்கு வந்த செய்திகள், அவருடைய குணம், மன்றோவின் தயக்கம் என்று பக்கம் பக்கமாக அலசியிருக்கிறேன். நாவலுக்காக அதே இரவை ஒரு வெடிமருந்து வண்டிக்காரரின் பக்கத்திலிருந்து எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது பத்தியைத் தாண்ட முடியவில்லை. மாடுகளை நுகத்திலிருந்து அவிழ்த்தார்களா, பூட்டியபடியே நிறுத்தி வைத்தார்களா? கடைசியாக எப்போது தண்ணீர் காட்டினார்கள்? எதிரிக் குதிரைகள் சுற்றிக்கொண்டிருக்கிற இருட்டில் தீவனம் தேட யார் போவார்? வரப்பில் ஏறி இறங்கிய சக்கரங்களில் எத்தனை அச்சு முறிந்திருக்கும்?

முப்பது வருடத்தில் இவற்றில் ஒரு கேள்வியைக்கூட நான் கேட்டதில்லை. மாடுகளுக்காகத்தான் பெய்லி நின்றார் என்று வாதாட வரவில்லை, அதற்கு என்னிடம் சான்று கிடையாது. ஆனால் ஒரு படை நகர்வதும் நிற்பதும் மாட்டின் காலில் இருந்த காலம் அது. அந்த மாட்டை விட்டுவிட்டே அந்த இரவை நான் விளக்கியிருந்தேன். வண்டிக்காரரைப் பேசவிட்டபோதுதான் இது உறைத்தது. அதன் பிறகு பழைய ஆவணங்களைத் திரும்ப எடுத்து, இந்த முறை தளபதிகளின் கடிதங்களை ஓரமாக வைத்துவிட்டு, வண்டி வாடகையும் தீவனக் கணக்கும் இருக்கிற பக்கங்களைப் படித்தேன். எத்தனையோ முறை புரட்டித் தள்ளிய பக்கங்கள் அவை.

நம் சான்றுகள் யாருடைய வாயிலிருந்து வந்தவை என்பதையும் யோசித்துப் பாருங்கள். நெப்போலியன் 1815இல் தோற்ற வாட்டர்லூ போர்க்களத்தின் மாதிரியைச் செய்த வில்லியம் சைபோர்ன், 1830களில், உயிரோடு இருந்தவர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்: மாலை ஏழு மணிக்கு உங்கள் படைப்பிரிவு எங்கே நின்றது, முன்னால் வயலில் என்ன பயிர் இருந்தது? பயிரைக்கூட விடாமல் கேட்ட மனிதர். ஆனால் அவருக்குப் பதில் எழுதியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் அதிகாரிகள். புள்ளலூரிலும் அப்படித்தான். சிறையிலிருந்து மீண்ட ஆங்கில அதிகாரிகளின் நினைவுக்குறிப்புகள் நமக்கு உண்டு. மறு ஆண்டு அதே இடத்தில் நடந்த போரில் இறந்த இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்கு நினைவுத் தூண்கள் உண்டு. பெய்லியின் படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். அவர்களுக்குப் பின்னால் வண்டிக்காரர்கள், காயம்பட்டவர்களை டூலியில் தூக்கியவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், சமைத்தவர்கள். அவர்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?

ஆய்வுக் கட்டுரையில் நான் இந்த இடத்தில் "சான்றுகள் கிடைக்கவில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போவேன். அது நேர்மையான வாக்கியம்தான், இன்றும் அதை மதிக்கிறேன். ஆனால் அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுதினால், அங்கே ஆட்களே இருக்கவில்லை என்ற எண்ணம் படிக்கிறவர் மனதில் விழுந்துவிடுகிறது. நான் நாவலுக்கு வந்தது இதற்காகத்தான்.

சரி, இல்லாததைச் சேர்ப்பது பொய் ஆகாதா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நான் போட்டுக்கொண்ட எல்லையைச் சொல்கிறேன். தெரிந்தது எதையும் மாற்றமாட்டேன். நாள், இடம், யார் எந்தப் பக்கம் நின்றார், யார் இறந்தார் என்பதில் கதைக்காக ஒரு மணி நேரத்தைக்கூட நகர்த்தமாட்டேன். வண்டிக்காரரின் பெயர், அவர் தம்பி, அவர்கள் பேசிக்கொள்வது எல்லாம் என் கற்பனை. பின்னுரையில் அதைப் பிரித்துச் சொல்லிவிடுவேன்.

கடினமான இடம் ஒன்று உண்டு. வெடிமருந்து வண்டிகளைக் கொளுத்தியது மைசூர் ராக்கெட்டா, பீரங்கிக் குண்டா? இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். கட்டுரையில் இரண்டையும் அருகருகே வைத்து நகர்ந்துவிடலாம். கதையில் வண்டி ஒரே ஒரு முறைதான் வெடிக்கும். பல நாள் இதிலேயே நின்றேன். ராக்கெட்டை எழுதினால் காட்சி நன்றாக வரும், ஆசையும் இருந்தது. அப்புறம் வண்டிக்காரரின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். கரிமருந்துப் புகையில் பத்தடி தள்ளி நிற்கும் ஆளே தெரியமாட்டார். காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழித்த சிப்பாய்க்கு வாயெல்லாம் வெடியுப்பு, தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மாடுகள் மிரண்டு நுகத்தை முறிக்கும். அந்த நேரத்தில் எது வந்து விழுந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு வெளிச்சம், அப்புறம் காது அடைத்துப்போகிறது. அவ்வளவுதான் எழுதினேன். நமக்குத் தெரியாதது அவருக்கும் தெரியாமலே இருக்கிறது. நான் எழுதியதிலேயே எனக்கு நிறைவு தருவது அந்தப் பக்கம்தான்.

ஒரு போரின் வரலாறு நடன விருந்தின் வரலாறு மாதிரி. சின்னச் சின்ன நிகழ்ச்சிகள் சிலருக்கு நினைவிருக்கலாம், எது முதலில் எது பிறகு என்பது யாருக்கும் நினைவிருக்காது என்ற கருத்தை வாட்டர்லூவில் வென்ற வெலிங்டன் 1815இல் ஒரு கடிதத்தில் எழுதினார். நாம் எல்லோரும் அதை அறிவோம். அறிந்துகொண்டே அம்புக்குறி போட்ட வரைபடங்களை வரைகிறோம். அவை தேவை, நானும் இனியும் வரைவேன். அந்த அம்புக்குறிக்குள் நடந்தவர்களையும் எழுத வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

உங்களிடம் எனக்கு ஒரு உதவி வேண்டும். கையெழுத்துப் படியை ஆய்வு நூலைப் படிக்கிற அதே கண்டிப்போடு படியுங்கள். நாவல்தானே என்று எதையும் விட்டுவிடாதீர்கள். மாட்டுவண்டி ஒரு நாளில் போக முடியாத தூரத்தைப் போயிருந்தால், சிப்பாய் அந்தக் காலத்தில் இல்லாத ஒன்றைக் கையில் வைத்திருந்தால், ஓரத்தில் சிவப்பு மையால் எழுதுங்கள். குறிப்பாக மூன்றாவது அத்தியாயம். மாடுகளை அன்றிரவு அவிழ்க்கவில்லை என்று வைத்து எழுதியிருக்கிறேன். தவறு என்று காட்ட உங்களில் யாரிடமாவது ஒரு துண்டுச் சீட்டு இருந்தாலும் அனுப்பிவையுங்கள், அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய தோழன்